பித்தப்பைக் கல்லுக்கு உள்சட்டை

— பித்தப்பையில கல்லுக்கு ஏன், மிஸிஸ் நாகேந்திரம், முன்னால கொளுக்கி வெச்ச உள்சட்டை?

— அது, ருக்கியா, டொக்டர் சொன்னவர். மகள் ஆறு கிழமைக்குக் கையைத் தூக்கக் கூடாதாம். முதுகிலை கொளுவிற சட்டை சரிவராது.

— கல்லு வகுத்துல. கைய ஏன் தூக்கக் கூடா?

— உன்னட்டைத் தைக்க வந்தனான், வைத்தியம் பார்க்க வரேல்லை. நீ அளவை எடு.

— அம்மா, காணும். ருக்கியா அன்ரி, எனக்குக் கல்லுமில்லை மண்ணுமில்லை. வாற செவ்வாய்க்கிழமை நெஞ்சைக் குறைக்கிற ஒப்பரேசன்.

— மிதுனா, மெல்லக் கதை. காலி றோட்டுச் சனம் முழுக்கக் கேக்கும்.

— பதின்மூண்டு வயசில இருந்து காலி றோட்டு முழுக்கப் பார்த்தது அம்மா. இப்ப கேட்டால் என்ன?

— எனக்கு நீங்க வாசல்ல வரக்குள்ளயே விளங்கின, மகள். பத்து வருசமா ஒங்கட பிளவுஸுக்கு நான்தானே தோள்ல துணி மடிச்சு வெச்சுத் தைக்கிற. அந்தத் தோள்ல ஈக்கிற பள்ளத்துல என்ட சுண்டு விரல் படுக்கும்.

— பார்த்தீங்களா அம்மா? அன்ரிக்குத் தெரிஞ்சது உங்களுக்குத் தெரியேல்லை.

— எனக்கேன் தெரியாது? தெரிஞ்சாலும் தெரியாத மாதிரி இருக்கிறதுக்குப் பேர்தான் குடும்பம். ஊர் உலகத்திலை சனம் வெட்டிப் பெருப்பிக்குது. என்ரை மகள் வெட்டிக் குறைக்கப் போறா. கடவுள் தந்ததை ஆராவது திருப்பிக் குடுப்பினமே?

— கடவுள் உங்களுக்குச் சூத்தைப் பல்லும் தந்தவர். புடுங்கேக்க அவரிட்டக் கேட்டனீங்களா?

— பல்லைப் பார்த்து ஆரும் பொம்பிளை எடுக்கிறேல்லை.

— மத்ததப் பாத்து எடுக்கிறவனுக்கு ஏன், மிஸிஸ் நாகேந்திரம், மகளக் குடுக்கிற?

— நீ சும்மா இரு ருக்கியா.

— சரி, நான் டேப்போட மட்டும் கதைக்கிறன். மகள், நிமிந்து நில்லுங்க. சின்னதாகின பொறகு உள்ள அளவு டொக்டர் தந்தாரா?

— எழுதித் தந்தவர். தோளும் விலாவும் நீங்கள் அளந்தால் காணும். கொஞ்சம் பொறுங்கோ அன்ரி, கை விறைக்குது. கழுத்தில இருந்து விரல் வரைக்கும் இப்பிடித்தான். ரெண்டு வருசம் பிசியோ செய்தன். வெயில் காலத்தில கீழ தோல் அவிஞ்சு போகும். நிமிந்து நிண்டால் அம்மா குனி எண்டுவா, குனிஞ்சு நிண்டால் டொக்டர் நிமிர் எண்டுறார்.

— பொம்பிளைப் பிள்ளைக்கு அடக்கம் வேணுமெண்டு சொன்னனான். அது பிழையே?

— அந்த அடக்கத்தாலதான் அம்மா முதுகு வளைஞ்சது.

— ஒப்பரேசன் செஞ்சா எப்பிடி ஈக்குமாம் மகள்?

— டொக்டர் ஒண்டும் ஒளிக்கேல்லை. நங்கூரம் மாதிரித் தழும்பு வரும், மங்கும், முழுக்கப் போகாது. முதல் ரெண்டொரு நாள் ரெண்டு பக்கமும் ரியூப் தொங்கலாம். வீங்கிக் கண்டிப்போகும். மல்லாந்துதான் படுக்கோணும். இந்த உள்சட்டையை இரவு பகலாய்ப் போடோணும். தேத்தண்ணிக் கேத்தில் கூடத் தூக்கக் கூடாது. சரியான வடிவு தெரியக் கன மாசம் எடுக்குமாம். காம்பில உணர்ச்சி குறையலாம்.

— மிச்சத்தையும் சொல்லு. ருக்கியாவும் கேக்கட்டும்.

— பிள்ளைக்குப் பால் குடுக்கேலாமலும் போகலாம். குடுக்கலாமெண்டு உறுதி சொல்லேலாது எண்டவர்.

— கேட்டியே? வைகாசியிலை கலியாணத்துக்கு நாள் வைச்சிருக்கு. மாப்பிள்ளை உமாசுதன்ரை தாய் இதை அறிஞ்சால் எங்கடை படி மிதிப்பாவே?

— உமாசுதனுக்குப் போன மாசமே சொல்லிட்டன் அம்மா.

— சொல்லிப்போட்டியே? என்னெண்டவன்?

— தானும் பால்மாவில வளந்தவராம், என்ன குறைஞ்சு போனன் எண்டு கேட்டார். தன்ட தாய்க்கு நீர்தான் சொல்லோணும் எண்டவர். ஞாயிற்றுக்கிழமை அவ வீட்ட வரேக்க சொல்லத்தான் போறன்.

— சொல்லிப் பார். செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரி வாசலுக்கும் நான் வரமாட்டன். தனியப் போய்த் தனியக் கிட.

— கையைத் தூக்கேலாமல் கிடக்கேக்க எனக்கு ஆர் சீப்பால தலை இழுத்து விடுறது? நீங்கள் வராட்டில் எனக்குப் பயமாய் இருக்கும் அம்மா. உங்களோட சண்டை பிடிச்சாலும் நீங்கள் பக்கத்தில நிக்கோணும்.

— அப்ப வாயை மூடிக்கொண்டிரு. பித்தப்பைக் கல்லெண்டு எல்லாருக்கும் சொல்லி வைச்சிருக்கிறன். மரியாதையான வருத்தம். ருக்கியா, உன்னட்டையும் அதுதான். ஆரும் கேட்டால் கல்லு.

— என்னட்ட வாற பொம்பளைகள்ட கத என்ட வாயால வெளிய போனதில்ல. கொட்டாஞ்சேனையிலேந்து ரெண்டு பஸ் மாறியும் வந்தீக்காங்க, அங்கத்த டெய்லருக்குத் தெரியக் கூடா எண்டு. அளவுக் கொப்பியில பேர் கூட நான் எழுதுறல்ல. என்னால ஒங்களுக்குப் பயமில்ல.

— உன்னை நினைச்சு ஆர் பயப்பட்டது? எனக்கு உமாசுதன்ரை தாயை நினைச்சுத்தான். நேற்று ரெலிபோனிலை கல்லெண்டு சொல்ல, தனக்கும் போன வருசம் அந்த ஒப்பரேசன்தான் நடந்தது எண்டா. மிதுனாவுக்கு எந்தப் பக்கம் வெட்டுகினம் எண்டு கேட்டா.

— நீங்கள் என்ன சொன்னனீங்கள்?

— உந்தப் பித்தப்பை எங்கை இருக்கெண்டு நான் கண்டனானே? ரெண்டு பக்கமும் எண்டன்.

— யா அல்லாஹ்.

— அவ பேந்து, எவ்வளவு நாளைக்குக் கை தூக்கக் கூடாதாம் எண்டு கேட்டா. ஆறு கிழமை எண்டன். மல்லாந்துதானே படுக்கோணும் எண்டா. ஓம் எண்டன். நல்ல விளப்பமான மனுசி, தனக்கு வந்தபடியால் எல்லாம் தெரியுது. இண்டைக்குக் காலமை ஒரு பையும் அனுப்பியிருக்கிறா. அந்த ஒப்பரேசனுக்கெண்டு தான் தைப்பிச்ச உள்சட்டை மூண்டு. தனக்கு இனித் தேவைப்படாதாம், மிதுனாவிட்டைக் குடுங்கோ, அவவுக்கு விளங்கும் எண்டு சொல்லிவிட்டவ. எனக்கொண்டும் விளங்கேல்லை. இந்தா ருக்கியா, இதைப் பார்த்துத்தான் நீ தைக்கோணும்.

— இதயா?

— என்ன, சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாய்?

— நல்ல தையல், மிஸிஸ் நாகேந்திரம். வேற ஒண்டுமில்ல.

— அன்ரி, இதைத் தாங்கோ பார்ப்பம். முன்னுக்குக் கொளுக்கி. அகலத் தோள்பட்டி. கீழ வெட்டின இடத்தில தையல் முட்டாமல் மெத்தைத் துணி. இந்தப் பச்சை நூல் முடிச்சு என்ட பிளவுஸ் எல்லாத்திலயும் இருக்கு. உங்கட கைதானே?

— மகள், வாய் தொறக்க மாட்டன் எண்டு இப்பதானே சொன்ன.

— அம்மா, உமாசுதன்ட அம்மா எங்க இருக்கிறவ?

— கொட்டாஞ்சேனையிலை. தெரியாத மாதிரிக் கேக்கிறாய்.

— பித்தப்பை வயித்தில இருக்கு அம்மா, வலப்பக்கம். ஒண்டே ஒண்டுதான். அதை எடுக்கிறதுக்கு ஒருத்தரும் நெஞ்சுக்குச் சட்டை தைக்கிறேல்லை.

— அப்ப, அந்த மனுசிக்கும் ரெண்டு பக்கமுமே?

— நான் ஒண்டும் சொல்லல்ல. நீங்கதான் சொல்றீங்க.

— நீ அளவை எடு ருக்கியா, செவ்வாய்க்கிழமைக்கு முதல் தைச்சு முடி, ஆஸ்பத்திரிக்கு நான்தான் கொண்டுபோகோணும். ஞாயிற்றுக்கிழமை அவ வரேக்கை நான் குசினியிலை நிண்டு வடை சுடுறன். மாமியும் மருமேளும் முன்னுக்கு இருந்து ஆறுதலாய்க் கல்லைப் பற்றிக் கதையுங்கோ.