பாரமான இதழ்

பரந்தனில் நான் ஏறிய புதுக்குடியிருப்பு பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். யன்னலோரம் இருந்தவர் ரிமோட்டில் ஓடும் ஒரு சின்ன விளையாட்டு வள்ளத்தைத் துவாயால் சுற்றி மடியில் வைத்திருந்தார்.

“நகம் தேய்க்கிற அரத்தாலதான் மச்சாள், இண்டைக்குப் போட்டியில உங்கட தம்பியை வெண்டனான்,” என்றார் அவர்.

“அவன் தன்ர வள்ளத்துக்குப் புதுசா பெரிய பற்றறி எல்லோ வாங்கிப் போட்டவன்?” என்று கேட்டார் மச்சாள், கணவரின் அக்கா.

“ஓம். என்ர வள்ளம் ஓடேக்கை நடுங்கினது. புரொப்பெல்லரைக் கழட்டி ஊசியில கோத்துச் சுத்திப் பாத்தனான். எப்பவும் ஒரே இதழ்தான் கீழ வந்து நிண்டுது. அது மற்றதைவிடப் பாரம். எந்தப் பக்கம் திருப்பி விட்டாலும் அசையாமல் நிக்குமட்டும் அதை மெல்ல மெல்லத் தேய்ச்சனான். பிறகு ஓரங்களையும் கூராக்கினனான்.”

“அவன் பாத்தவனோ?”

“பாத்தவர். கடல்ல ஓடுற எனக்கே புரொப்பெல்லர் காட்டுறியோ எண்டு சிரிச்சவர். இண்டைக்கு அக்கராயன் குளத்தில ரெண்டு சுத்து. முதல் சுத்தில அவர்தான் முன்னுக்கு. அடுத்த சுத்தில என்ர வள்ளம் தண்ணியில முட்டாத மாதிரி அவரைத் தாண்டிப் போட்டுது.”

மச்சாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். “இப்ப என்ன சொல்லுறான்?”

“தன்ர மீன்பிடி வள்ளத்தின்ர புரொப்பெல்லரையும் ஒருக்காப் பாக்கட்டாம்.”

“நீர் என்ன சொன்னீர்?”

“வரிசையில நிக்கச் சொன்னனான். குளத்தடியிலயே மூண்டு பேர் கேட்டிட்டினம்.”