கிளை இருந்தது

உங்கள் ஸ்டேஷன் வாசலில் தண்ணீர் தேங்குகிறது, தினகரன் சார். உள்ளே வரும்போதே பார்த்தேன். தளம் போட்டவர் சரிவைத் தெருப் பக்கம் வைக்காமல் படிக்கட்டுப் பக்கம் வைத்துவிட்டார். பெரிய வேலை இல்லை, ஒரு கொத்தனார் அரை நாளில் சரிசெய்துவிடுவார். எனக்கு இது தொழில் புத்தி. கல்யாண வீட்டுக்குப் போனாலும், கை கழுவிய தண்ணீர் எங்கே போகிறது என்றுதான் கண் முதலில் தேடும். என் மனைவி தலையில் அடித்துக்கொள்வாள்.

நான் வந்தது சாட்சி சொல்ல. பில்டர் துளசிங்கத்தின் மேல் நீங்கள் போட்டிருக்கும் வழக்கில் நான்தான் முக்கியமான சாட்சி என்றீர்கள். என் வாக்குமூலம் என்று எழுதி வைத்திருந்ததை ஏட்டு வாசித்துக் காட்டினார். எல்லாம் சரி, ஒரே ஓர் இடம் தவிர. 'திறந்து கிடந்த குழியருகே எந்த எச்சரிக்கை அடையாளமும் இல்லை' என்று வருகிறது. அது தப்பு சார். கிளை இருந்தது. தப்பான ரிப்போர்ட்டில் நான் இன்றுவரை கையெழுத்துப் போட்டதில்லை. அதைச் சொல்லப்போய்த்தான் நீங்கள் கதவைச் சாத்திவிட்டு எதிரில் உட்கார்ந்திருக்கிறீர்கள். முதலிலிருந்து சொன்னால் புரியும்.

கட்டடம் கட்டும் இடங்களில் மழைத்தண்ணீர் ஒழுங்காக வெளியேறுகிறதா என்று பார்ப்பது என் வேலை. பல்லாவரத்திலிருந்து காட்டாங்குளத்தூர் வரைக்கும் என் பொறுப்பு. இந்தப் பக்கமெல்லாம் ஏரியும் வயலுமாக இருந்த பூமி. பேஸ்மென்ட் தோண்டினால் ஊற்று சுரக்கும். அந்தச் சேற்றுத் தண்ணீரை ஒரு தொட்டியில் விட்டு, வண்டல் அடியில் தங்கிய பிறகு தெளிந்ததை மட்டும்தான் தெரு வடிகாலில் விட வேண்டும். யார் அதற்கெல்லாம் காத்திருக்கிறார்கள்? வடிகாலின் மேலே இருக்கும் ஸ்லாபைத் தூக்கிப் போட்டுவிட்டு, மோட்டார் ஹோஸை நேராக உள்ளே சொருகிவிடுவார்கள். சிமென்ட் கழுவிய தண்ணீரும் அதோடு போய் உள்ளே கல்லாக இறுகும். அதற்கப்புறம் ஒரு மழை பெய்தால் தெருவே குளம்தான். தூக்கிய ஸ்லாப் திரும்ப வராது. அந்த வாய் திறந்தபடி கிடக்கும்.

கீழ்க்கட்டளையில் துளசிங்கத்தின் சைட்டும் இப்படித்தான். அவருடைய தாத்தா உழுத நிலத்தில் அவர் ஃப்ளாட் கட்டுகிறார். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். போகும்போதெல்லாம் இளநீர் வெட்டித் தரச் சொல்வார். ஸ்லாபைப் பற்றிப் பேச்செடுத்தால் மட்டும் முகம் மாறும்.

"இன்னா சார் நீங்க, சும்மா அதையே பேசிகினு. அதான் கிளை நட்டு வெச்சிருக்குதுல்ல? கண்ணு இருக்கறவன் பாத்துப் போவான்."

அந்தக் கிளையை நட்டது அவர் இல்லை, சரசு அக்கா. அதே தெருவில் வேப்பமரத்தடியில் இஸ்திரி வண்டி வைத்திருந்தவர். நம் ஊரில் குழி திறந்து கிடந்தால் யாராவது ஒருவர் மரக்கிளையை ஒடித்து அதில் சொருகிவிடுவார் இல்லையா, அதைத்தான் அவரும் செய்தார். ஏரிக்கரைப் பூவரசிலிருந்து ஆள் உயரத்துக்கு ஒரு கிளை, நுனியில் கிழிந்த சிவப்புப் புடவைத் துணி. இலை வாடினால் புதுக்கிளை. தெருவே அவரை மெச்சியது. நானும்தான் மெச்சினேன், ஆரம்பத்தில்.

நோட்டீஸ் கொடுத்தேன். போட்டோ எடுத்து அனுப்பினேன். எங்கள் ஆபீஸில் மூடி போட உத்தரவு கொடுக்கிற அனுப்பிரியா மேடத்துக்குப் போன் போட்டால், வழக்கமாக ஒரே கேள்வி.

"உயிர்ச்சேதம் எதுவும் இல்லையே, ஜோனத்தான்?"

"இல்ல மேடம்."

"அப்ப நெக்ஸ்ட் வீக் பாத்துக்கலாம். கிளை வெச்சிருக்காங்கன்னு நீங்களே சொல்றீங்க."

அவரைக் குறை சொல்ல முடியாது. அவர் மேஜைக்கு வரும் குழிகளுக்குக் கணக்கே இல்லை. ஆள் விழுந்த குழிக்கு முதலில் மூடி, விழாத குழி வரிசையில் நிற்க வேண்டும். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன்.

ஒருநாள் சைட்டிலிருந்து பஸ்ஸில் திரும்பும்போதுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. துளசிங்கம் சொல்வது கிளை. மேடம் சொல்வதும் கிளை. கிளை இருப்பதால் யாரும் விழவில்லை. யாரும் விழாததால் மூடி வரவில்லை. அப்படியானால் அந்தத் தெருவில் மூடியைத் தடுத்துக்கொண்டு நிற்பது எது? யோசித்துப் பாருங்கள் சார், கோபப்படாமல்.

முதலில் கிளையைப் பிடுங்கித்தான் போட்டேன். நான் முனை திரும்புவதற்குள் சரசு அக்கா புதுசு ஒடித்து நட்டுவிட்டார். மறுபடி ஒரு தடவை பிடுங்கினேன். "எந்த நாயோ கிளைய இஸ்துகினு போயிடுது சார்" என்று என்னிடமே புலம்பினார். கிளை இல்லாவிட்டால் ஜனங்களுக்குச் சந்தேகம் வந்துவிடுகிறது, நின்று பார்த்து நடக்கிறார்கள். கிளை இருக்கிற தைரியத்தில்தான் பார்க்காமல் நடப்பார்கள் என்பது அப்போதுதான் புரிந்தது.

அதனால் நகர்த்தினேன்.

விடிந்ததிலிருந்து தூறிக்கொண்டிருந்த நாள். சரசு அக்கா கரி வாங்கப் போயிருந்தார். குழிக்கு ஒரு ஸ்லாப் முன்னால், வண்டிப் பக்கமாக, உடைந்து மண் மேவிக் கிடந்த ஸ்லாப் ஒன்று உண்டு. கிளையை எடுத்து அந்த மண்ணில் ஆழமாக ஊன்றினேன். துணியை முன்பு இருந்த மாதிரியே கட்டினேன். வண்டியடியிலிருந்து பார்த்தால் வித்தியாசமே தெரியாது. அந்தத் தெருவில் தண்ணீர் ஏறினால் எல்லோரும் வடிகால் ஸ்லாபின் மேல்தான் நடப்பார்கள், அது கொஞ்சம் மேடு. கிளையைக் கண்டதும் தெருவில் இறங்கி, அதைத் தாண்டியதும் திரும்ப ஸ்லாபின் மேல் ஏறுவார்கள். பழகின கால். இப்போது அவர்கள் ஏறுகிற இடம் குழியாக இருந்தது.

துளசிங்கம் விழ வேண்டும் என்று நினைத்தேனா என்று கேட்பீர்கள். நினைத்தேன், மறைக்கவில்லை. ஆனால் அவர் காரைவிட்டு இறங்கமாட்டார் என்பது எனக்குத் தெரியும். விழப்போவது நடந்துபோகிற ஜனங்களில் யாரோ ஒருவர். அது யார் என்று தீர்மானிக்கிற அதிகாரத்தை நான் எடுத்துக்கொள்ளவில்லை. ஒருவருக்கும் ஓரவஞ்சனை செய்யவில்லை.

மத்தியானம் கொட்டித் தீர்த்தது. சைட் சேறு முழுக்க வெளியே வந்து, தெரு டீ நிறத்தில் முழங்காலுக்கு ஓடியது. குழி எங்கே, ஸ்லாப் எங்கே என்று தெரியவில்லை. சிவப்புத் துணி மட்டும் தெரிந்தது. நான் சரசு அக்காவின் வண்டித் தார்ப்பாய்க்கு அடியில் ஒதுங்கியிருந்தேன்.

"இன்னா சார், கோழி கணக்கா நனைஞ்சுகினு நிக்கிறீங்க? அந்தக் கர்ச்சீப்ப குடுங்க இப்படி."

பிழிந்து, உதறி, கரிப்பெட்டியை ஓட்டி, சுடச்சுட மடித்துக் கொடுத்தார். முகத்தைத் துடைத்தேன். அவ்வளவு இதமாக இருந்தது. பிறகு அவர் தேய்த்த துணிகளை பிளாஸ்டிக் ஷீட்டில் மூட்டை கட்டித் தலையில் வைத்தார். கடைசி வீட்டு ரோஸி டீச்சருக்கு மறுநாள் ஸ்கூலுக்குப் புடவை வேண்டுமாம்.

"மழை விடட்டுமே, அக்கா" என்றேன். சொன்னேன் சார், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

"இது எங்க வுடப்போவுது? நம்ம கிளை கீதுல்ல, பாத்துப் போயிடுவேன்."

அதற்கு மேல் நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் கிளையைப் பழைய இடத்துக்கே மாற்றியிருப்பார். அடுத்த வாரமும் மேடம் அதே கேள்வியைக் கேட்டிருப்பார். நான் யோசித்தது இவ்வளவுதான். அவர் ஸ்லாப் மேல் நிதானமாக நடந்தார். கிளைக்கு முன்னால் ஒழுங்காகத் தெருவில் இறங்கினார். போகிற போக்கில் சாய்ந்திருந்த துணியை ஒரு கையால் சரிசெய்தார். பிறகு ஸ்லாபில் ஏறுவதற்குக் காலைத் தூக்கி வைத்தார்.

சத்தமே இல்லை. மூட்டை மட்டும் கொஞ்ச தூரம் மிதந்து போனது. உள்ளே சிமென்ட் இறுகிய வடிகாலில் ஆள் மேலே வர இடமிருக்காது என்பது எனக்குத் தெரியும், நானே அதை ரிப்போர்ட்டில் எழுதியிருக்கிறேன். இருந்தாலும் ஓடிப்போய்க் கையை விட்டுத் துழாவினேன். அப்புறம்தான் மேடத்துக்குப் போன் போட்டேன்.

எனக்குச் சரசு அக்காவை ரொம்பப் பிடிக்கும். வீட்டில் எனக்குச் சோறு இறங்கவில்லை. இதையும் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் என்னைக் கல்நெஞ்சன் என்று நீங்கள் நினைத்துவிடக்கூடாது.

மூடி அன்று சாயங்காலமே வந்துவிட்டது. புது கான்கிரீட், கைப்பிடிக் கம்பியோடு. ஆபீஸில் என்னை எழுந்து நிற்கச் சொல்லிக் கைதட்டினார்கள், நான் ஒருவன்தான் முன்கூட்டியே எச்சரித்தவனாம். துளசிங்கத்தை நீங்கள் பிடித்தீர்கள். ஜாமீனில் வந்தவர் மோட்டாரை மறுபடி போட்டுவிட்டார். அந்த ஒரு வாய்க்குத்தான் மூடி வந்தது. தெருமுனையில் வேறொரு ஸ்லாபைத் தூக்கி ஹோஸைச் சொருகியிருக்கிறார்கள். அங்கே யாரோ ஒரு வேப்பங்கிளையை நட்டிருக்கிறார்கள். சரசு அக்காவின் வண்டி மரத்தடியில் அப்படியே நிற்கிறது.

நான் கதை கட்டுவதாக நீங்கள் நினைத்தால் போய்ப் பாருங்கள். அந்தப் பூவரசங்கிளை துளிர்த்திருக்கிறது. உடைந்த ஸ்லாபில், சிவப்புத் துணிக்குக் கீழே, மூன்று நான்கு இலை. குழித் தண்ணீரில் சொருகியிருந்தால் அது அழுகியிருக்கும். மண்ணில் ஊன்றினதால்தான் பிழைத்தது. இதைவிட நல்ல சாட்சி உங்களுக்குக் கிடைக்காது.

ஆகவே அந்த வரியைத் திருத்திவிடுங்கள். கிளை இருந்தது, அதை நகர்த்தியது நான், அவர் அதை நம்பிப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றதும் நான். இப்படி எழுதினால் கையெழுத்துப் போடுகிறேன்.

கொஞ்சம் சீக்கிரம் முடித்து அனுப்பினால் நல்லது, சார். வண்டலூரில் ஒரு சைட்டில் பள்ளிக்கூடம் போகிற வழியிலேயே குழி திறந்து கிடக்கிறது. அங்கேயும் கிளைதான் நட்டு வைத்திருக்கிறார்கள், பாவம், நான் போனால்தான் மூடி வரும்.