ஓவுக்கு மேல ரெண்டு குத்து

...ஒரு குத்து எண்டாலும் பரவாயில்லைத் தங்கச்சி, ரெண்டு குத்தெல்லோ! எங்கட 'க'வுக்கு மேல ஒரு குத்து வைச்சா 'க்' எண்டு சத்தம் அடங்கும். இந்த ஜேர்மன்காரர் 'ஓ'வுக்கு மேல ரெண்டு குத்து வைக்கினம், வாய் கோணுது!

நான் ஏன் ஜேர்மன் படிக்கிறனெண்டோ? அதையேன் கேக்கிறியள்... என்ர மகள் பிரியந்தினி அங்க நேர்ஸ். மாப்பிள்ளையும் அந்த நாட்டுப் பொடியன். தையில ஸ்கந்தபுரத்தில கலியாணம். போன மாசம் சம்பந்தி அம்மா, ஹெல்கா எண்டு பேர், வீடியோக் கோலில வந்தா. பாத்தா, மனுசி சீலை உடுத்துக்கொண்டு நிக்கிறா! தானாப் பழகி உடுத்ததாம். எனக்கெண்டாச் சரியான சந்தோசம். வடிவு, அழகு எண்டுறதுக்கு அவையின்ர சொல்லு 'ஷோன்' எண்டு மகள் ஒருக்காச் சொன்ன ஞாபகம். "ஷோன்! ஷோன்!" எண்டு கத்தினன்.

மனுசியின்ர முகம் வாடிப்போச்சு. அந்தச் சொல்லில குத்து இருக்காம். குத்தில்லாமச் சொன்னா, 'அதுக்குள்ளயோ?' எண்டு அர்த்தமாம்! கலியாணத்துக்கு முதலே சீலையோ எண்டு நான் நக்கலடிச்சதா நினைச்சிட்டா. மகள் விளங்கப்படுத்தினவள்தான். எண்டாலும் மனுசி வெக்கத்தில பிறகு கோலுக்கே வரேல்லை.

"அம்மா, நீங்கள் சிரிச்சாக் காணும், வாய் திறவாதேங்கோ" எண்டு மகள் முதலே சொன்னவள். நான் கேட்டனானே?

பிறகென்ன... வாயை 'ஓ' எண்டு குவிச்சுக்கொண்டு 'ஏ' எண்டு சொல்லோணுமாம். சொல்லிப் பாருங்கோ... இல்லையில்லை, குவிக்கோணும்! நான் கோழிக்குத் தீன் போடேக்கையும் சொன்னன், வயலுக்க நிண்டும் சொன்னன். என்ர மனுசன் என்னடாவெண்டா, "அன்னம், பல்லு வலியோ?" எண்டு கேக்கிறார்!

நேற்று மகளைக் கெஞ்சி, சம்பந்தியைக் கூப்பிட வைச்சன். அதே சீலையோட வந்தா. வாயைக் குவிச்சன்... சொன்னன். வந்திட்டுது தங்கச்சி, சரியா வந்திட்டுது! மனுசி ரெண்டு கையையும் கன்னத்தில வைச்சிட்டா. பிறகு என்னைக் காட்டி, "வடை! வடை!" எண்டுறா.

நான் திகைச்சுப் போனன். மகள் விழுந்து விழுந்து சிரிக்கிறாள். "அம்மா, உங்களை 'வடிவு' எண்டு சொல்லத்தான் இவாவும் இவ்வளவு நாளாப் பாடமாக்கினவா!" எனக்குச் சிரிச்சுச் சிரிச்சுக் கண்ணால தண்ணி ஓடிட்டுது...

எங்க எழும்பிறியள்? கிளிநொச்சி இன்னும் வரேல்லையே! ஓ... இங்கதான் இறக்கமோ? சரி, பாத்து இறங்குங்கோ, பஸ் நிக்கட்டும். அக்கா, நீங்கள் ஏன் நிக்கிறியள்? இந்தச் சீற் வெறுமை. வாங்கோ, வந்து இருங்கோ.