மாமியாரும் பாதிரியாரும்

பாறையில் நின்று தூண்டில் போடப் போகிறவன் காலையில் வயிறு முட்டச் சாப்பிடக் கூடாது. எனக்கு ஒரு துண்டு ரொட்டி போதும், மேலே இந்த நாட்டில் எல்லோர் வீட்டிலும் இருக்கிற அந்த உப்புக் கறுப்புப் பசையைத் தடவிக்கொள்வேன். எது என்று உங்களுக்கே தெரியும், பெயர் வேண்டாம். கம்பெனிப் பெயர்களைச் சொல்லாமலிருப்பது எனக்கு எட்டு வருடப் பழக்கம் மேடம், இப்போது சொல்ல முயன்றாலும் வாயில் வராது.

நம் தெற்குக் கடற்கரையில் பெர்மகுயியிலிருந்து ஈடன் வரை பாறையில் மீன் பிடிக்கிறவர்களுக்காக இணையத்தில் ஒரு மன்றம் நடத்துகிறேன். நானூறு பேர் இருக்கிறார்கள். எட்டு வருடம் முன்பு ஒருத்தர் ஒரு லைஃப் ஜாக்கெட்டைப் பற்றி எழுதினார். கடலில் விழுந்து கயிற்றை இழுத்தாராம், அது ஊதிக்கொள்ளவே இல்லையாம், நண்பர் பிடித்து இழுத்துப் பிழைத்தாராம். கம்பெனிப் பெயரையும் போட்டுவிட்டார். பத்தே நாளில் சிட்னியிலிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்தது. எழுதியவருக்கு இல்லை, எனக்கு. ஊரான் வாயைத் திறந்தால் அடி என் முதுகிலா என்று அன்றைக்கே முடிவு செய்தேன், இனி மன்றத்தில் யாரும் கம்பெனிப் பெயர் எழுதக் கூடாது.

அதற்குப் பதிலாகக் கம்பெனிக்கொரு பட்டப்பெயர் வைத்தோம். கழுத்தை இறுக்கினாலும் ஒருவரையும் முழுக விடாத லைஃப் ஜாக்கெட்டுக்கு மாமியார் என்று பெயர். ஆளைக் கைவிட்டுவிட்டு அப்புறம் பிரார்த்தனைக்கு மட்டும் உதவும் என்பதால், நோட்டீஸ் அனுப்பிய கம்பெனியுடையதற்குப் பாதிரியார். எந்தப் பெயர் எந்தக் கம்பெனி என்பது என் நோட்டுப் புத்தகத்தில் மட்டும் இருந்தது. புதிதாக வருகிறவர்கள் எனக்குத் தனிச்செய்தி அனுப்பிக் கேட்பார்கள், நான் சொல்வேன். படம் போடும்போது தெரிந்துவிடக் கூடாதென்று எல்லோரும் லைஃப் ஜாக்கெட்டிலுள்ள கம்பெனி முத்திரையின் மேல் கறுப்பு டேப் ஒட்டிக்கொள்வார்கள். தோளோடு தோள் நின்று மீன் பிடித்தாலும் பக்கத்து ஆள் போட்டிருப்பது என்னவென்று யாரும் கேட்பதில்லை. அது எங்களிடையே மரியாதைக் குறைவு.

டாரில் பென்ஹாலோ வந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. பீகாவில் எலக்ட்ரீஷியன், நாற்பது வயதுகூட இல்லை. நேற்றுப் பெய்த மழையில் இன்று முளைத்த காளான். ஒரு பெரிய கிங்ஃபிஷ் பிடித்துப் படம் போட்டான், மன்றமே அவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. எனக்கு அதில் பொறாமை இல்லை. பிறகு நரூமா கிளப்பில் எல்லோரும் பீர் குடித்துக்கொண்டிருந்தபோது அந்தப் பேச்சை எடுத்தான்.

"தலைவரே, எதுக்கு இந்தக் கண்ணாமூச்சி? நாளைக்கு உங்களுக்கு மாரடைப்பு வந்தா எது மாமியார், எது பாதிரியார்னு யாருக்குத் தெரியும்? நோட்டுப் புத்தகத்தையும் சேர்த்துப் புதைச்சிருவாங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"விதி உன்னைக் காப்பாத்தத்தான்பா இருக்கு" என்றேன்.

"என்னையா, உங்க நாற்காலியையா?" என்றான். இதற்கு முன்னதைவிடப் பெரிய சிரிப்பு. மன்றத்தைத் தொடங்கிய நாளிலிருந்து என்னோடு இருப்பவர்கள்கூடச் சிரித்தார்கள். ஜூன் கடைசியில் வாக்கெடுப்பு வைப்பது, பட்டியலை எல்லோருக்கும் திறந்துவிடுவது என்று அங்கேயே பேசி முடித்தார்கள். ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. எரிந்தது மேடம், மறைக்க மாட்டேன்.

அந்த வாரமே அவனிடமிருந்து தனிச்செய்தி வந்தது. மனத்தில் எதையும் வைத்துக்கொள்ளாத ஆள், அதை ஒப்புக்கொள்ள வேண்டும். "தலைவரே, பழைய லைஃப் ஜாக்கெட் கிழிஞ்சுபோச்சு. நோலீன் புதுசு வாங்காம பாறைக்குப் போகக் கூடாதுங்கறா. மாமியார் எதுன்னு சொல்லுங்க, சனிக்கிழமை வாங்கணும்."

நோலீன் அவன் மனைவி.

நான் பாதிரியாரின் கம்பெனிப் பெயரை எழுதி அனுப்பினேன். அவ்வளவுதான். ஒரே ஒரு சொல். அவன் சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை, ஒருநாள் முழுக்க நனைந்து எல்லோர் முன்னாலும் அசடு வழியட்டும் என்றுதான் நினைத்தேன். விதியை மதிக்காதவனுக்கு விதி எதற்கென்று தெரிய வேண்டாமா?

அவன் டேப் ஒட்டிய லைஃப் ஜாக்கெட்டோடு படம் போட்டு, 'கடைசியில் மாமியாரைக் கட்டிக்கொண்டேன், தலைவருக்கு நன்றி' என்று எழுதினான். அதைப் பார்த்துவிட்டு மாமியார் எது என்று வேறு சிலர் எனக்குத் தனிச்செய்தி அனுப்பினார்கள். இங்கேதான் நான் கொஞ்சம் யோசித்தேன். அவனுக்கு ஒரு பெயர், இவர்களுக்கு ஒரு பெயர் என்று சொன்னால் நாளைக்கு நான் பொய்யன் ஆகிவிடுவேன். ஆகவே எல்லோருக்கும் அதே பெயரைச் சொன்னேன். பதினொரு பேர். நடுவில் ஒருநாள் டாரில் போன் செய்தான்.

"கயித்த இழுக்குற இடம் கொஞ்சம் கெட்டியா இருக்கே தலைவரே, மாமியார் இப்படித்தானா?"

"புதுசுல அப்படித்தான் இருக்கும், போகப் போகப் பழகிடும்" என்றேன்.

கிங்ஃபிஷ் வருகிற பாறை ஒன்றிருக்கிறது, வா என்று அழைத்தது நான்தான். மீன் வந்தது உண்மை. காலை ஒன்பது மணி, வெயில் நன்றாக இருந்தது. மூன்றாவது பெரிய அலை அவனை முழங்காலுக்குக் கீழே வாரியது. கடலில் விழுந்ததும் பதறாமல், சொல்லிக்கொடுத்தபடி கயிற்றை இழுத்தான். மறுபடி இழுத்தான். பிறகு என்னைப் பார்த்தான், கோபமாக இல்லை, சந்தேகம் கேட்கிற புது உறுப்பினரைப் போல.

"தலைவரே, இது வேலை செய்யல!"

"இன்னொரு தரம் இழு" என்றேன்.

பாறைக்கு மேலே கம்பத்தில் மிதவை வளையம் தொங்குகிறது, நாற்பது அடி தூரம். ஈரப்பாறையில் ஓடக் கூடாது என்பது மன்றத்தின் நான்காவது விதி, நானே எழுதியது. நடந்துதான் போனேன். வளையத்தோடு திரும்பியபோது எறிவதற்கு அங்கே யாரும் இல்லை. உடனே அவசர உதவிக்கு, மூன்று பூஜ்யத்துக்கு, போன் செய்தேன், அது உங்கள் போலீஸ் பதிவில் இருக்கும்.

நோலீன் அழுதுகொண்டே அவன் லைஃப் ஜாக்கெட்டிலிருந்த டேப்பை உரித்திராவிட்டால் இங்கே உட்கார்ந்திருக்க மாட்டேன். பக்கத்திலிருந்த பழைய உறுப்பினர் ஒருவர் முத்திரையைப் பார்த்துவிட்டு, "இது பாதிரியாராச்சே" என்றாராம். அவருக்கு நான் சரியாகச் சொல்லியிருந்தேன். ஆக, நான்தான் செய்தேன் மேடம். தெரிந்தே தவறான பெயரைக் கொடுத்தேன், தெரிந்தே அந்தப் பாறைக்குக் கூட்டிப்போனேன், தெரிந்தே நடந்தேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் அந்தப் பதினொரு பேர் யார் என்று கேட்கிறீர்களே, அது வேறு விஷயம். ஞாயிறு விடியலில் அவரவர் பாறையில் டாரில் நினைவாக ஒரு தூண்டில் போடுவதென்று உறுப்பினர்கள் முடிவு செய்திருக்கிறார்கள், கடலும் அன்றைக்குக் கொந்தளிக்கும் என்கிறார்கள், தெரியும். மன்றத்தை அஞ்சலிக்காக ஒரு வாரம் மூடியிருக்கிறேன், கடவுச்சொல்லைத் தர மாட்டேன். தனிச்செய்திகளை அழித்துவிட்டேன். நீங்களும் நேற்றுப் பத்திரிகைக்கு அறிக்கை கொடுத்தீர்கள், 'குறிப்பிட்ட ஒருவகை லைஃப் ஜாக்கெட்' என்று. கம்பெனிப் பெயரைப் போட உங்கள் வக்கீல் இன்னும் சம்மதிக்கவில்லையாமே. என் சங்கடம் இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும்.

நான் முப்பத்தொரு வருடம் தபால்காரனாக இருந்தவன். ஒருவர் கடிதத்தை இன்னொருவர் கையில் கொடுத்ததே இல்லை. அந்தப் பதினொரு பேரும் என்னிடம் தனியாகத்தான் கேட்டார்கள், என்னை நம்பித்தான் கேட்டார்கள். நம்பியவர்களை நான் ஒருநாளும் காட்டிக்கொடுக்க மாட்டேன்.