ஏழு வினாடிக் குத்து

எல்லோரும் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொள்ளுங்கள். கேட்டு முடித்த பிறகு, சிரிப்பு வந்தால் சிரியுங்கள்.

இரவு பதினொன்று பத்து. கல்குவாரி ஓரமாகப் போகிற ஒன்பது மைல் ரோடு. ஒரு விளக்கு கிடையாது. அதில் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் போகிறது... ஓட்டுகிறவர் என் சிநேகிதனின் தாய்மாமா. பின்னால் அவருடைய முதலாளி. முதலாளியின் மடியில் ஒரு ரீல் டப்பா.

அவர்கள் கம்பெனி ரொம்பச் சின்னது. சைக்கிள் கடை மாடியில் ஒரே அறை. வேறு யாரும் சீண்டாத படங்களை முதலாளி அடிமாட்டு விலைக்கு வாங்குவார். மாமா போஸ்டர் ஒட்டுவார், அறுந்த பிலிமை ஒட்டுவார், படப்பெட்டியும் தூக்குவார். ஒரே ஒரு பிரிண்ட், இரண்டு தியேட்டர். இங்கே ஒரு மணி நேரம் முந்தித் தொடங்கும், அங்கே பிந்தித் தொடங்கும். இங்கே ஓடி முடிந்த ரீலை மாமா அங்கே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பது போல, அந்தப் படங்களுக்கும் கூட்டம் வந்தது.

பதினாறு வருஷத்தில் இருபத்திரண்டு படம். கதை வேறு, நடிகர்கள் வேறு. ஆனால் இருபத்திரண்டிலும் ஒரே கத்திக்குத்து வரும்.

அது வந்த கதை கொடுமையானது. முதலாளி ஒருமுறை சொந்தமாகப் படம் எடுக்கக் கிளம்பினார். பழைய கிடங்கில் சண்டைக் காட்சி. குத்தினால் உள்ளே மடங்கிக்கொள்கிற டம்மிக் கத்தி வந்து சேரவில்லை, நிஜக் கத்தியே போதும் என்றார். சண்டைக்காரர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. அடி நிஜமாகவே பட்டுவிட்டால், உள்ளங்கையால் மூன்று முறை தட்ட வேண்டும். அந்த நொடியே எல்லோரும் நிறுத்திவிட வேண்டும். அன்றைக்குக் கத்தி விலாவுக்குக் கீழே கைப்பிடி வரை இறங்கியது. விழுந்த சண்டைக்காரர் தரையில் தட்டினார்.

டப்... டப்... டப்...

லைட் பிடித்துக்கொண்டிருந்த மாமாவுக்கு அது தெளிவாகக் கேட்டது. முதலாளிக்கும் கேட்டது. "நிறுத்தாதே! ஓட்டு, ஓட்டு! அருமையா வருது!" என்று கத்தினார். அந்த மனுஷன் வாயில் ரத்தம் நுரைத்தது. தட்டின கை அப்படியே விரிந்து நின்றுபோனது. மாமாவும் லைட்டை இறக்கவில்லை. வேலை போய்விடுமே என்ற பயம்.

செத்தது நெஞ்சுவலியால் என்று எழுதி முடித்தார்கள். படமும் பாதியில் நின்றது. ஆனால் அந்த ஏழு வினாடியை முதலாளி விடவில்லை. பிரதி எடுத்துக் கொடுப்பார், மாமா எல்லாப் படத்திலும் கடைசி ரீலின் தொடக்கத்தில் ஒட்டுவார். இருட்டில் முகம் சரியாகத் தெரியாது, கதையில் யார் செத்தால் என்ன என்பார் முதலாளி. அந்த இடம் வந்தாலே தியேட்டரில் விசில் பறக்கும்.

நான் சொல்கிற அந்த ராத்திரிக்கு முந்தின நாள், செத்தவரின் தங்கை படம் பார்க்க வந்திருந்தாள். முகம் தெரியாவிட்டால் என்ன? கூடப் பிறந்தவளுக்குக் கை தெரியாதா? வெளியே வந்து மாமாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணன் தரையைத் தட்டுறாரே... ஒருத்தருக்குக்கூடக் கேக்கலையா?"

"நாளைக்கு அதை வெட்டிடறேன்மா" என்றார் மாமா.

சொன்னபடி மறுநாள் பிளேடை எடுத்துக்கொண்டு ரீலை வெட்டப் போனார். முதலாளி பார்த்துவிட்டார். பச்சைக்கல் மோதிரம் போட்ட கையால் கன்னத்தில் ஒரு அறை. பிளேடைப் பிடுங்கினபோது மாமாவின் கட்டைவிரல் எலும்பு தெரியக் கிழிந்தது. "அதை வெட்டினா நம்ம கம்பெனியையே வெட்டின மாதிரி. இன்னிக்கு டப்பா என் மடியிலதான் வரும்" என்று சொல்லி வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

இப்போது ரோட்டுக்கு வாருங்கள்.

குவாரி வளைவு. இன்ஜின் சத்தத்தை மீறி, தகரத்துக்குள்ளிருந்து...

டப்... டப்... டப்...

"டப்பாவைத் தட்டாதீங்க முதலாளி."

"நான் எங்கேய்யா தட்டினேன்? ரெண்டு கையாலயும் கட்டிப் பிடிச்சிருக்கேன்."

பிலிம் ஒட்டுகிற பசையின் நெடி மாமாவின் மூக்கில் ஏறியது. அதோடு இன்னொரு வாடை... கறிக்கடை வாடை. பின்சக்கரம் அழுந்தியது. இரண்டு பேர் இருந்த வண்டி மூன்று பேரைச் சுமக்கிற மாதிரி திணறியது. திரும்பிப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

பின்னால் 'ஹக்' என்று ஒரு சத்தம். பிறகு முதுகில்... விரித்த உள்ளங்கை.

டப்...

டப்...

டப்.

செத்தவன்தான் தட்டுகிறான், நிறுத்தினால் தொலைந்தோம் என்று நினைத்துவிட்டார் மாமா. கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஆக்ஸிலேட்டரை முறுக்கினார். முதுகில் ஏதோ வெதுவெதுப்பாக வழிந்து இடுப்பு வரை இறங்கியது. அப்போதும் நிறுத்தவில்லை.

தியேட்டர் வாசலில் படம் ஓட்டுகிற ஆபரேட்டர் தவித்துக்கொண்டு நின்றார். இருட்டில் பின்சீட்டு மடியிலிருந்து டப்பாவை உருவிக்கொண்டு, "கடைசி நேரத்துலதான் வருவீங்களா?" என்று படியேறி ஓடினார்.

மாமா காலை ஊன்றினார்.

"முதலாளி, இறங்குங்க."

அவர் தலை மாமாவின் தோளில் கனமாகக் கிடந்தது. மாமா கொஞ்சம் நகர்ந்ததும் முதலாளி அப்படியே சரிந்து விழுந்தார். மாமா கிழித்த தீக்குச்சி வெளிச்சத்தில், விலாவுக்குக் கீழே நான்கு விரல் நுழைகிற பிளவு. கத்தி எங்கேயும் இல்லை. வலது உள்ளங்கை விரிந்தபடி இருந்தது, பச்சைக்கல் மோதிரம் முழுக்க ரத்தம்.

அப்போதுதான் மாமாவுக்கு உறைத்தது. முதுகில் தட்டினது யார் என்று உறைத்தது. இரண்டாவது தடவையும் தன் காதில் விழுந்தது, இரண்டாவது தடவையும் தான் நிறுத்தவில்லை என்று உறைத்தது. தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

உள்ளே கடைசி ரீல் தொடங்கியது. எப்போதும் போல ஏழு வினாடி விசில்.

மாடிக் கேபின் ஜன்னலைத் திறந்து ஆபரேட்டர் தலையை நீட்டினார். கீழே இருட்டில் கிடப்பது அவருக்குத் தெரியவில்லை. சிரித்துக்கொண்டே கேட்டார்...

"யோவ், அந்தக் குத்துல முதலாளி எப்பய்யா நடிச்சாரு? மோதிரத்தைக்கூடக் கழட்டாம!"