றிக்கியின் வேனில் போட்ட கட்டில்

டோர்ச்சை அணையுங்கள். நடுவில் சிரிக்கிற ஆள் இப்போதே எழும்பிப் போகலாம், எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். இது என் கூட்டாளி வெய்னின் அங்கிள் றிக்கிக்கு நடந்தது.

யுத்தம் முடிந்து அடுத்த வருடம். இரவு பதினொரு மணி. வெல்லாவெளி றோட்டு... இரண்டு பக்கமும் வயல், ஒரு விளக்கில்லை. றிக்கி வேனை ஓரம் கட்டினார். பின்னால் அவர் மனைவி றொவீனா தலையணையைத் தட்டிப் போட்டார்.

அந்த வேனைப் பற்றிச் சொல்ல வேண்டும். சுனாமியில் அவர்கள் வீடு போனது. பிறகு புது வீடு கிடைத்தும் றொவீனா ஒரு இரவும் ஒழுங்காக உறங்கவில்லை. "வீடு ஓடாது றிக்கி. தண்ணி வந்தா சுவரோட கிடந்து சாகணும்" என்பார். ஆள் எலும்பும் தோலுமாகிப் போனார். இப்படியே போனால் மனைவி செத்துவிடுவாள் என்று பயந்துதான் றிக்கி ஓடுகிற வீடு ஒன்று செய்தார்.

கையில் பெரிதாக ஒன்றும் இல்லை. அழகரத்தினம் என்பவர் பழைய வேனை மலிவாகக் கொடுத்தார். அவர் எதையும் ஒளிக்கவில்லை.

"மனே, சுனாமிக்கு இதுலதான் பிரேதம் ஏத்தின. கிடைச்ச சீலையக் கிழிச்சு, கால் பெருவிரலச் சேத்துக் கட்டித்தான் ஏத்தின. மஞ்சத் தண்ணியால கழுவிட்டன். அடியில கிடக்கிற றபர் விரிப்ப மட்டும் கழட்டி எறிஞ்சிரு. அதத் தொட எனக்கு மனம் வரல்ல."

றிக்கி எறியவில்லை. நல்ல தடித்த றபர், ஏன் வீணாக்க வேண்டும் என்று அதன் மேலேயே பலகையை அடித்தார். கஞ்சன். சீற்றுகளைக் கழற்றிவிட்டு நீளமாக ஒரு பெட்டிக் கட்டில், மேலே ஸ்பொஞ் மெத்தை. தான் இடுப்பில் கட்டிப் பழசான சாரத்தில் யன்னல் திரை. ஆள் நெட்டை, குறுக்கே படுக்க இடமில்லை. தலை முன்னால், கால் பின்கதவுப் பக்கம்.

பிரேதங்களைக் கிடத்தியதும் அப்படித்தான்.

விளக்கை அணைத்தார்கள். முதலில் மணம்... கடல் எங்கேயோ கிடக்க, வயல் நடுவில் உப்புச் சேறு மணத்தது. பிறகு கட்டிலுக்குக் கீழே சொட்டு... சொட்டு... பிறகு துணி கிழிகிற சத்தம். மெதுவாக. நீளமாக.

"திரையக் கிழிக்கிறியா?" என்றார் றிக்கி.

"என்ட ரெண்டு கையும் உங்களப் பிடிச்சிட்டுக் கிடக்கு" என்றார் றொவீனா.

யார் அங்கே இருமுவது? பொறுங்கள்.

கீழேயிருந்து பலகையில் ஒரு அடி. இன்னொரு அடி. இறங்கு என்று விரட்டுகிற அடி. மெத்தையோடு இருவரையும் தூக்கிப் போட்டது. றிக்கி ஸ்ரியறிங் பக்கம் பாயப் பார்த்து, முகம் குப்புற விழுந்தார். லைற்றரைத் தட்டினார்... அவர் கால் பெருவிரல் இரண்டும் சேர்த்துக் கட்டியிருந்தது. சாரத் துணி. ஈரம். றொவீனாவின் காலிலும் அதே முடிச்சு. இறுக்கியதில் விரல் நீலம்.

கத்தியால் அறுத்துக்கொண்டு ஓடி வந்தார்கள். விடிந்ததும் விரிப்பைப் பிடுங்கி வாவியில் வீசினார் றிக்கி. அதை முதல் நாளே செய்திருக்கலாம். நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

வேனை விற்கப் பார்த்தார். றொவீனா விடவில்லை. சுவருக்குள் படுக்கமாட்டேன் என்று ஒரே பிடி. இன்றும் அதில்தான் படுக்கிறார், தனியே. நல்ல நித்திரை. உடம்பும் தேறிவிட்டது. றிக்கிதான் வீட்டுக்குள் விளக்கை எரியவிட்டபடி விழித்துக் கிடக்கிறார்.

போன கிழமை வெய்ன் அங்கே போயிருக்கிறான். றொவீனா அன்ரி வேனுக்குள் ஏறி இருந்து, ஒரு சீலைத் துண்டால் தன் கால் பெருவிரல்களைத் தானே கட்டிக்கொண்டிருந்தாராம். ஏன் அன்ரி என்று கேட்டிருக்கிறான்.

"நான் கட்டினா இளக்கமாக் கட்டுவன் வெய்ன்" என்றாராம். "அவங்க கட்டினா இறுக்கிருவாங்க."