வெறும் வயிற்றில் ஒரு கரண்டி

உங்கள் போலீஸ் ஸ்டேஷன் தே ஓவில், பால் இல்லாவிட்டாலும் சீனி கொஞ்சம் தூக்கல், சார். பரவாயில்லை, குடிக்கிறேன்.

என் பெயர் அர்ச்சுனன். பேராக்கில், பத்து காஜா டவுனில் ஒரு கிளினிக்கில் பத்தொன்பது வருஷம் மருந்து எடுத்துக் கொடுத்தவன். ஓய்வு பெற்றபின் பக்கத்து ஊரான லகாட்டில் வீட்டிலேயே மூட்டுவலிச் சூரணம் இடித்துக் கொடுக்கிறேன். சுக்கு, மிளகு, முடக்கறுத்தான். அதோடு டைக்ளோஃபினாக் என்ற வலி மாத்திரையும் பொடித்துச் சேர்ப்பேன். வெறும் வேரை இடித்துக் கொடுத்தால் யாருக்கு வலி போகிறது?

நம் சனத்தின் கோளாறு உங்களுக்குத் தெரியாததா? ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியே முட்டி தேய்ந்தவர்கள். கிளினிக் மாத்திரை என்றால் கிட்னி போய்விடும் என்று பயம். நாட்டு மருந்து என்றால் கண்ணை மூடிக்கொண்டு விழுங்குவார்கள்.

வீக்கத்துக்கும் வலிக்கும் உடம்பு ஒரு பொருளைச் சுரக்கும், சார். மாத்திரை அதைத் தடுக்கும். ஆனால் வயிற்றின் உள்தோலைக் காப்பதும் அதே வகைப் பொருள்தான். அதனால்தான் சாப்பிட்ட பிறகு போடச் சொல்வார்கள்.

நானும் முதலில் அப்படித்தான் சொன்னேன். பக்கத்து வீட்டுக் கனகராஜ் முகத்தைச் சுளித்தான். “என்னண்ணே, கிளினிக் மருந்து மாதிரி சொல்றீங்க?” எனக்குச் சுருக்கென்றது. மறுநாளிலிருந்து, விடியலில் வெறும் வயிற்றில் என்று மாற்றிச் சொன்னேன்.

என்னிடம் பொடி கேட்டு வந்த முத்தம்மா, மகனுக்காகத் தீமிதிக்கு நேர்ந்துகொண்டு விரதம் இருந்தாள். ஒரு வேளைதான் சாப்பாடு. மடங்காத முட்டியோடு எப்படித் தீ இறங்குவாள்? காலையில் ஒரு கரண்டி கொடுத்தேன். மூன்றாம் நாளே விறுவிறுவென்று நடந்தாள். இருபதாம் நாள் போன் செய்தாள்.

“அண்ணே, வயிறு எரியுது. வெளிக்கு கருப்பா போவுதுலா. நிப்பாட்டட்டுமா?”

கறுப்பு என்றால் ரத்தம். எனக்குத் தெரியும். நிறுத்தினால் டாக்டரிடம் போவாள், பொடியைக் காட்டுவாள். ஊரில் எனக்கிருக்கிற பெயர் என்னாவது?

“பழைய கழிவு வெளியாவுதும்மா. நல்லதுதான். ரெண்டு கரண்டியா ஆக்கிக்க” என்றேன்.

இரண்டே நாளில் போய்விட்டாள். பாவம், நல்ல மனுஷி. காரியமெல்லாம் நான்தான் முன்னால் நின்று பார்த்தேன். மகன் தேவன் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். “மாமா, கடைசிவரைக்கும் அம்மாவ நடக்க வச்சது நீங்கதான்.” எனக்கும் அழுகை வந்தது, பொய்யில்லை.

என் பொடியில் ஒரு குறையும் இல்லை, சார். எனக்கும் முட்டிவலி. ஆறு வருஷமாக அதையேதான் சாப்பிடுகிறேன். டாக்டரை விட்டுச் சோதித்துப் பாருங்கள், வயிற்றில் ஒரு புண் கிடையாது. நான் எப்போதும் பசியாறிய பிறகுதான் போட்டுக்கொள்வேன்.